நெருப்பும் கலமும்: இராசபுத்திரர் தோற்றக் கதைகளும் வட்டார அடையாளங்களும்

இராசபுத்திரர் யாவர், எங்கிருந்து வந்தனர் என்னும் வினா ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இந்திய வரலாற்றியலில் நிலவி வருகிறது. விடைகாண முற்பட்டோர் அனைவரும் ஒரு கதையைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. ஆபு மலையில் முனிவர்கள் வேள்வி இயற்றினர். அரக்கர் அதனைச் சிதைத்தனர். வேள்விக் குண்டத்திலிருந்து வீரர் எழுந்தனர். அவர்வழியே பிரதிகாரர், சாளுக்கியர், பரமாரர், சௌகானர் என்னும் நான்கு குலங்களும் கிளைத்தன என்பது அக்கதை. 'அக்கினி குலம்' என்னும் பெயர் இதனால் அமைந்தது. சந்த் பர்தாயி இயற்றியதாக வழங்கும் 'பிருதிவிராச ராசோ' இதனைப் பரப்பியது. முதலில் தோன்றிய மூவராலும் அரக்கரை வெல்ல இயலாமற்போக, இறுதியில் எழுந்த சௌகானனே வென்றான் என்று அந்நூல் கூறுமிடத்தில், கதை எந்த அவையை நோக்கிச் சொல்லப்பட்டது என்பது தானே விளங்கிவிடுகிறது.

பிருதிவிராசன் 1192-இல் மாண்டான். இன்று கிடைக்கும் 'ராசோ' அவன் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. அதன் வடிவங்கள் 16-ஆம் நூற்றாண்டை ஒட்டியே உருப்பெற்றன என்பது ஆய்வாளர் பலர் கருத்து. இதனை முதலில் உரத்துச் சொன்னவர் உதயபுரி அவையைச் சார்ந்த கவிராசர் சியாமள்தாசர். 1886-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அவர் எழுதிய கட்டுரை, நூலின் ஆண்டுக் கணக்குகள் கல்வெட்டுகளோடு ஒவ்வாமையை எடுத்துக்காட்டியது. சியாமள்தாசர் சாரணர் மரபினர். 'ராசோ'வைத் தம் முன்னோர் நூலாகப் போற்றியவர்களோ பாட்டர் மரபினர். இரு புலவர் மரபுகளுக்கிடையே இருந்த போட்டியையும் சேர்த்தே இக்கட்டுரையைப் படிக்க வேண்டும். எனினும், போட்டியில் பிறந்தது என்பதனால் சான்று பொய்யாகிவிடாது. 1893-இல் பூலர், காசுமீரத்தில் கிடைத்த 'பிருதிவிராச விசயம்' என்னும் வடமொழிக் காப்பியத்தைக் கொண்டு அதே முடிவை வேறு வழியில் வந்தடைந்தார். பிருதிவிராசனின் சமகாலத்தவரான சயானகர் இயற்றிய அக்காப்பியம் சௌகானர் குல முதல்வனைக் கதிரவனிடமிருந்து தோன்றியவனாகக் காட்டுகிறது. நெருப்புக் குண்டம் அதில் இல்லை.

கல்வெட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. 1170-ஆம் ஆண்டைச் சேர்ந்த பிசோலியாக் கல்வெட்டு, சௌகானரின் முன்னோனாகிய சாமந்தனை வத்ச கோத்திரத்து அந்தணன் என்கிறது. பிரதிகாரருள் சோத்பூர்க் கிளையினரின் 837-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அரிச்சந்திரன் என்னும் அந்தணனுக்கு மனைவியர் இருவர் என்றும், சத்திரிய மனைவியின் மக்களே அரச மரபினராயினர் என்றும் கூறும். ஆனால், அதே நூற்றாண்டில் கன்னோசியிலிருந்து ஆண்ட மிகிர போசனின் குவாலியர்க் கல்வெட்டோ பிரதிகாரரை இராமனின் தம்பியாகிய இலக்குவன் வழியினராக்கி, அண்ணனுக்கு வாயிற்காவல் புரிந்தமையால் 'பிரதிகாரர்' என்று பெயருக்கும் காரணம் காட்டுகிறது. மேவாரின் குகிலர் 977-ஆம் ஆண்டு ஆட்பூர்க் கல்வெட்டில் ஆனந்தபுரத்து அந்தண மரபினராகக் குறிக்கப்பட்டு, பின்னர்ச் சூரிய குலத்தவராயினர். குசராத்துச் சாளுக்கியருக்கு நெருப்பே தேவைப்படவில்லை. குமாரபாலன் காலத்து 1151-ஆம் ஆண்டு வட்நகர்ப் பிரசத்தியின்படி, அரக்கரால் துன்புற்ற தேவர் வேண்ட, நான்முகன் தன் 'சுளுக'த்து நீரிலிருந்து வீரனொருவனைப் படைத்தான். சுளுகம் என்பது நீரேந்திய உள்ளங்கை எனவும் நீர்க்கலம் எனவும் பொருள் கொள்ளப்படும். இதே கதையைக் கல்யாணிச் சாளுக்கியருக்காகப் பில்கணர் 11-ஆம் நூற்றாண்டிலேயே பாடிவிட்டார்.

நெருப்பிலிருந்து வந்ததாகத் தாமே தொடக்கத்தில் சொல்லிக்கொண்டவர் பரமாரர் மட்டுமே. அதுவும் முதலிலிருந்து அன்று. அவர்களுடைய பழைய ஆவணமாகிய 949-ஆம் ஆண்டு அர்சோலாச் செப்பேடுகள் அவர்களை இராட்டிரகூட மன்னனொருவனோடு தொடர்புபடுத்துகின்றன. ஆபு மலையைப் பற்றிய பேச்சே அவற்றில் இல்லை. இராட்டிரகூடரின் மேலாண்மை நீங்கி, தாரா நகரம் தனியரசாகத் தலைநிமிர்ந்த பின்னரே, சிந்துராசன் அவைப்புலவர் பத்மகுப்தர் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'நவசாகசாங்க சரித'த்தில் வசிட்டரின் வேள்விக் குண்டத்தைப் பாடினார். கவர்ந்து செல்லப்பட்ட பசுவை மீட்க முனிவர் எழுப்பிய வீரன், பகைவரைக் கொன்றமையால் 'பரமாரன்' எனப்பட்டான். ஒரு குலத்துக்கு ஒரு புலவர் புனைந்த கதை, பின்னாளில் நான்கு குலங்களுக்குப் பொதுவாயிற்று. எந்த அரசியல் நிலையில் கதை தேவைப்பட்டது என்பதை இந்தக் கால இடைவெளியே காட்டிக் கொடுக்கிறது.

இத்தனை சான்றுகளையும் ஆய்வுலகம் எவ்வாறு கையாண்டது என்பதே இங்கு மதிப்பிடத்தக்கது. 1829, 1832 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்த தமது பெருநூலில் சேம்சு டாட், குதிரை வழிபாடு, வாள் வழிபாடு முதலியவற்றை ஒப்பிட்டு இராசபுத்திரரைச் சிதியர் வழியினர் என்றார். அவர்மீது அன்புகொண்டே அவ்வாறு சொன்னார். ஐரோப்பிய மறக்குடிகளின் உறவினராக அவர்களைக் காண விழைந்தார். அந்நூலை 1920-இல் பதிப்பித்த வில்லியம் குரூக்கு ஒருபடி மேலே சென்று, அயலவரின் தீட்டை நெருப்பால் நீக்கிச் சத்திரியராக ஏற்றுக்கொண்ட சடங்கின் நினைவே அக்கினி குலக் கதை என விளக்கினார். தே.ரா. பண்டார்கர் கூர்சரரை அயலவர் எனக்கொண்டு 1911-இல் இக்கருத்தை வலுப்படுத்தினார். மறுபுறம் கௌரிசங்கர் ஓசாவும் சி.வி. வைத்தியாவும் இராசபுத்திரர் வேதகாலச் சத்திரியரின் நேர் வழியினரே என வாதிட்டனர்.

இரு அணியும் எதிரெதிர் நிற்பனபோல் தோன்றினாலும் இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே. இராசபுத்திரர் என்போர் ஒரே குருதியினர்; அக்குருதிக்கு ஓர் ஊற்று உண்டு; அதனைக் கண்டுவிட்டால் வினா தீரும் என்பதே அவ்வடித்தளம். ஒருவர் ஊற்றை ஆமூ ஆற்றங்கரையில் தேடினார்; மற்றவர் அயோத்தியில் தேடினார். குலமுறைப் பாடலை ஒரு கோரிக்கையாகப் படிக்காமல் பிறப்புப் பதிவேடாகப் படித்தமையே இருவரது பிழையும். தமிழாய்வாளருக்கு இது எளிதில் விளங்கும். திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி சோழரைக் கதிரவனிடமிருந்து தொடங்குகிறது என்பதற்காகச் சோழர் அயோத்தியிலிருந்து வந்தேறியவர் என்று எவரும் முடிவுகட்டுவதில்லை.

இவ்வடித்தளத்தை அசைத்தது 1976-இல் பி.டி. சட்டோபாத்தியாயா எழுதிய கட்டுரை. தோற்றத்தை ஓர் இடத்திலோ ஓர் இனத்திலோ தேடாமல் ஒரு செயல்முறையில் தேடினார் அவர். இராசத்தானத்தின் வறண்ட பகுதிகளிலும் மலைச் சாரல்களிலும் புதிய குடியிருப்புகள் பெருகின, பழங்குடிகளின் நிலங்கள் கைப்பற்றப்பட்டன, நிலம் குலத்தவரிடையே பகிரப்பட்டது, கோட்டைகள் எழுந்தன, குலங்கள் தமக்குள் மணவுறவால் பிணைந்தன. 'இராசபுத்திர' என்னும் சொல்லே அரசன் மகன் என்னும் பொருளிலிருந்து நகர்ந்து, சில ஊர்களை உடைய சிறுதலைவனைக் குறிக்கலாயிற்று. 12-ஆம் நூற்றாண்டின் 'அபராசிதபிருச்சை' இத்தகைய சிறுதலைவர்களைப் பெருந்தொகையினராகவே காட்டுகிறது. குலமுறை இச்செயல்முறையின் இறுதியில் வந்து சேர்ந்த முத்திரை, தொடக்கம் அன்று.

இந்த விளக்கத்திலும் ஒரு குறை உண்டு. அது மேற்கு இந்தியாவின் கல்வெட்டுகளை ஆதாரமாகக் கொண்டது. எனவே அங்கு நிகழ்ந்ததே எங்கும் நிகழ்ந்தது எனக் கொள்வார்க்கு அது இடந்தருகிறது. வட்டாரந்தோறும் இராசபுத்திரர் என்னும் பெயரின் உள்ளடக்கம் மாறுவதைக் கவனித்தால் இவ்விடர் தெளிவாகும்.

மார்வாரில் 17-ஆம் நூற்றாண்டில் அமைச்சராக இருந்த முகணோத் நைணசி தொகுத்த 'கியாத்து', குலங்களையும் கிளைகளையும் ஊர் ஊராகப் பதிவு செய்கிறது. நைணசி சமணர், வணிகக் குடியினர். அவர் காட்டும் உலகில் ஒருவனை நிறுத்துவன மூன்று: தந்தைவழிப் பங்காளிகள், பெண் கொண்டும் கொடுத்தும் அமைந்த சம்பந்திகள், பணிபுரியும் தலைவன். நார்மன் சீக்ளர் 1970-களில் எழுதிய கட்டுரைகள், முகலாயப் பேரரசின் பணியில் சேர்ந்த பின்னர் மூன்றாவது உறவு மேலோங்கியமையை விளக்கின. நிலம் குலத்தின் பங்காக இருந்த நிலை மாறி, அரசன் எழுதித்தரும் பட்டாவாயிற்று. யாருக்குப் பட்டா என்னும் போட்டி கூடக்கூட, நீண்ட தூய குலமுறையின் விலையும் கூடியது. இராட்டோர்கள் தம்மைக் கன்னோசியின் செயச்சந்திரன் வழியினராகக் கூறுவர். அவர்களின் முன்னோன் சீகாவின் 1273-ஆம் ஆண்டு நினைவுக்கல் பாலிக்கு அருகில் பீட்டூவில் கிடைத்துள்ளது. அதில் செயச்சந்திரன் பெயர் இல்லை.

கிழக்கே நிலைமை வேறு. அவத்திலும் போசபுரியிலும் உழவர்குடி இளைஞர் ஆண்டின் ஒரு பகுதியில் ஏர்பிடித்தும் மறுபகுதியில் ஆயுதமேந்திக் கூலிப்படையில் சேர்ந்தும் வாழ்ந்தனர். 1990-இல் வெளிவந்த நூலில் தர்க்கு கோல்ஃபு, இப்படைப்பணிச் சந்தையில் 'இராசபுத்திரன்' என்பது முதலில் ஒரு தொழிற்பெயராக, எவரும் முயன்று அடையக்கூடிய நிலையாக இருந்தது என்றும், மேற்கின் பெருங்குடிகள் அரண்மனை மரபாக்கிய பின்னரே அதன் கதவு சாத்தப்பட்டது என்றும் காட்டினார். வடமேற்கு மலைநாட்டிலோ கதவு முழுதும் சாத்தப்படவே இல்லை. காங்கிரா மலைச் சாரலில் இராட்டி, தாக்கர், இராசபுத்திரர் என்னும் பிரிவுகளுக்கிடையே திட்டமான எல்லை இல்லாமையை 1881-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போதே இபட்சன் கண்டார். மேல்நிலையோருக்குப் பெண் கொடுத்துக் கொடுத்துச் சில தலைமுறைகளில் ஒரு குடி உயர்ந்துவிடும். ஆங்கே குலம் என்பது ஏணி, மார்வாரில் மதில்.

இடைநாடாகிய புந்தேல்கண்டு இன்னும் சுவையானது. அரச குலமொன்றின் இளவல் விந்தியவாசினிக்குத் தன்னையே பலியிட முனைந்தபோது சிந்திய குருதித் துளியினின்று குலம் தோன்றியதாகவும், துளியைக் குறிக்கும் 'பூந்து' என்னும் சொல்லே 'புந்தேலர்' ஆயிற்று என்றும் அவர்கள் கூறுவர். இங்கு நெருப்பும் இல்லை, நீரும் இல்லை, குருதி. இத்தகைய கதையோடு மட்டும் முகலாய அவையில் நிற்க இயலாது என்பதை உணர்ந்தவர்போல, ஒர்ச்சாவின் கேசவதாசர் 1607-இல் இயற்றிய 'வீரசிங்கதேவ சரிதம்' தம் தலைவனை இராமன் மரபோடு இணைக்கிறது. ஒர்ச்சாவின் கோட்டையும் செல்வமும் எவ்வளவு ஓங்கினும், மேற்கத்திய பெருங்குடிகள் புந்தேலரைத் தம்மோடு ஒத்தவராகக் கொண்டு மணவுறவு கொள்ளவில்லை.

அப்புந்தேலரே தமிழகத்தோடு நேர்த்தொடர்பு உடையவர். 1698-இல் செஞ்சிக் கோட்டை முகலாயர் வசமானது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் காவல் புந்தேலப் படைத்தலைவன் சொரூப்சிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 1714-இல் அவன் இறக்க, மகன் தேசசிங்கு ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்குப் பணியாது, அவ்வாண்டு அக்டோபரில் போரில் மாண்டான். சி.எசு. சீனிவாசாச்சாரி 1943-இல் வெளியிட்ட செஞ்சி வரலாறு இச்செய்திகளை ஆவணங்களால் நிறுவும். ஓராண்டும் நிறையாத அவனது தலைமை 'தேசிங்குராசன் கதை'யாகத் தமிழில் நிலைபெற்றது. கதைப்பாடலில் வரும் அரசன் விந்தியவாசினியின் பிள்ளை அல்லன். சிங்கவரத்து அரங்கநாதரின் அடியவன். அவன் பெருமை குலமுறையால் நிறுவப்படுவதில்லை. அடங்காக் குதிரையை அடக்கியமையாலும், இசுலாமிய நண்பன் தன் மணவினையை விட்டு அவனுக்காகக் களம்புகுந்தமையாலும் நிறுவப்படுகிறது. மேற்கில் எந்தக் குலமுறை புந்தேலனுக்குப் பெண் பெற்றுத்தர இயலாமற்போயிற்றோ, அக்குலமுறையைத் தமிழ்ப் பாடகர் கேட்கவே இல்லை. படையோடு வந்து தங்கியோரின் வழியினர் 'போந்திலி' என்னும் பெயரோடு தனிக்குடியாயினர். அப்பெயரைப் புந்தேல்கண்டோடு தொடர்புபடுத்தி 1909-இல் தர்சுடன் பதிவு செய்துள்ளார்.

இனி, தமிழாய்வு தன்னையே நோக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. நெருப்புக் குண்டத்தில் தோன்றிய அரச குடி பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று ஆபு மலையைச் சார்ந்தது அன்று. புறநானூற்றின் 201-ஆம் பாட்டு. கபிலர் இருங்கோவேளை நோக்கி, வடபுலத்து முனிவனொருவனின் 'தடவி'ல் தோன்றி, செம்பு மதில் சூழ்ந்த துவரையை ஆண்டு, நாற்பத்தொன்பது தலைமுறை வழிவழி வந்த வேளிருள் வேள் என்கிறார். பத்மகுப்தருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய சான்று இது. பழைய உரைகாரர் 'தடவு' என்பதற்கு ஓமகுண்டம் எனப் பொருள் கொண்டார். நெடுநல்வாடையில் அதே சொல் கூதிர்க்காலத்தில் குளிர்காயும் அகன்ற வாயுடைய நெருப்புக் கலத்தைக் குறிக்கிறது. ஆகவே நெருப்பும் கலமும் இச்சொல்லில் ஒருங்கே உறைகின்றன. வசிட்டரின் குண்டம், நான்முகனின் சுளுகம் என வடபுலத்தில் இரு கிளைகளாகக் காணப்படும் கருத்து, தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருத்தல் எண்ணத்தக்கது. குண்டமா, கலமா என்று ஒன்றைத் தேர்ந்து மற்றதை விலக்கும் உரைகள் இந்நிலையைத் தவறவிடுகின்றன.

இப்பாட்டு, குரூக்கின் கொள்கையை வலுவிழக்கச் செய்கிறது. ஊணரும் கூர்சரரும் காலூன்றாத தென்கோடியில், அவர்கள் வருகைக்கும் முன்னரே, நெருப்புப் பிறப்பைச் சொல்லி ஒரு வேளைப் புகழ முடிந்தது எனில், அக்கருத்து அயலவரைத் தூய்மைப்படுத்தும் சடங்கின் நினைவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேளிரும் வடக்கிருந்து வந்தவரே, எனவே அயலவர்க்குரிய கதை பொருந்தும் என மறுப்பார் உளர். அவ்வாறாயின் அர்சோலாச் செப்பேடுகள் ஏன் மௌனம் சாதிக்கின்றன என்பதற்கு அவர்கள் விடை தரல் வேண்டும். அயலவர் என்பது காரணமாயின், வந்த புதிதிலன்றோ தூய்மைக் கதை மிகுதியும் தேவைப்படும்?

ஆனால் இம்மறுப்பு வேறொரு வகையில் தமிழாய்வைத் தீண்டவே செய்கிறது. மு. இராகவையங்கார் 'வேளிர் வரலாறு' எழுதிய காலந்தொட்டு, துவரைச் செய்தியை உண்மையான குடிபெயர்ச்சியின் சான்றாகக் கொள்வது வழக்கமாயிற்று. அகத்தியர் துவரையிலிருந்து பதினெண்குடி வேளிரை அழைத்து வந்தார் என்னும் நச்சினார்க்கினியர் கூற்று அதற்குத் துணையாயிற்று. 1986-இல் ஐராவதம் மகாதேவன் இம்மரபைச் சிந்துவெளி எழுத்தின் கலக் குறியீட்டோடு இணைத்து ஆராய்ந்தார். அவரது இணைப்பு நுண்ணியது. தொன்மங்களின் தொடர்ச்சியை விளக்கும் முயற்சியாக அது மதிக்கத்தக்கது. எனினும், அவரைப் பின்பற்றி எழுதுவோர் பலர் நாற்பத்தொன்பது தலைமுறையை ஆண்டுகளாகப் பெருக்கிக் கணக்கிடும்போது, டாட் செய்த பிழையையே செய்கின்றனர். செயச்சந்திரனையும் வசிட்டரையும் ஐயுறக் கற்ற வரலாற்றியல், துவரையை மட்டும் ஐயமின்றி ஏற்குமாயின் அது இரு வேறு அளவுகோல்களைக் கையாள்வதாகும். குடிபெயர்ச்சி நிகழவே இல்லை என்று இதற்குப் பொருளன்று. அதனை நிறுவக் குலமுறைப் பாட்டு போதாது. அகழாய்வும் மொழியியலும் தனித்துப் பேசியாக வேண்டும்.

அப்பாட்டு எங்கே, எதற்காகப் பாடப்பட்டது என்பதையும் குடிபெயர்ச்சி ஆய்வாளர் போதிய அளவு எண்ணவில்லை. பறம்பு வீழ்ந்தபின் பாரி மகளிரை அழைத்துக்கொண்டு அரசர் வாயில்தோறும் சென்ற கபிலர், அவர்களை மணக்குமாறு இருங்கோவேளை வேண்டும் பாட்டு அது. பெண்களின் தந்தை இன்னார் என்று சொல்லி, தாம் அவன் தோழன், அந்தணன், புலவன் என்று சொல்லி, பின்னர் கேட்போனின் குலப்பெருமையை விரித்து வைக்கிறார். மணப்பேச்சில் ஒரு புலவன் இரு தரப்புக் குலங்களையும் எடுத்துரைக்கும் காட்சி இது. இராசத்தானத்துச் சாரணரும் பாட்டரும் நூற்றாண்டுக் கணக்கில் செய்துவந்த பணியும் இதுவே. குலமுறை அங்கும் இங்கும் இறந்தகாலத்தைப் பதிவு செய்வதற்காக ஓதப்படவில்லை. எதிரே அமர்ந்திருப்பவனை ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதற்காக ஓதப்பட்டது.

இருங்கோவேள் உடன்படவில்லை. அடுத்த பாட்டில் கபிலர் மீண்டும் அவன் முன்னோரையே பேசுகிறார். இம்முறை, அவர்களுள் ஒருவன் கழாத்தலையாரை இகழ்ந்தமையால் அரையம் என்னும் பேரூர் அழிந்த செய்தியை.